இல்லத்தில் வென்ற மருத்துவம்

நுழையும்முன்

காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தொலைவில் வைப்பதே மருத்துவத்தின் முதல் விதியென உலகம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. சென்னை நகரின் நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளில் நடைபெற்ற ஓர் ஆய்வு அந்நம்பிக்கையை மாற்றியது. எளியோர் தம் வீட்டிலிருந்தபடியே நலம்பெற முடியும் என்பதை அது எண்களால் மெய்ப்பித்தது. அந்த ஆய்வு நடந்த முறையையும், அதிலிருந்து இன்றுவரை தொடரும் சிந்தனையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

என்புருக்கும் நோய்

உடலை மெலிவித்து எலும்பும் தோலுமாக ஆக்குவதால் காசநோயை நம் முன்னோர் என்புருக்கி நோய் என்றனர். மாலையில் ஏறும் காய்ச்சல், வாரக்கணக்கில் நீங்காத இருமல், சளியில் குருதி, பசியின்மை, எடைக்குறைவு ஆகியன இதன் அறிகுறிகள். இந்நோய் பரம்பரையால் வருவதென்றும், தீவினையால் வருவதென்றும் மக்கள் பலவாறு எண்ணினர். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் செருமானிய அறிவியலாளர் இராபர்ட் காக், இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரியைக் கண்டறிந்ததை பெர்லின் நகரில் அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நுரையீரலில் காசநோய் கண்டவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன. அவற்றை மூச்சுடன் உள்ளிழுப்பவரின் உடலில் கிருமி புகுகிறது. உண்ணும் தட்டாலோ உடுக்கும் துணியாலோ கைகுலுக்குவதாலோ அது பரவுவதில்லை. கிருமி புகுந்தோர் அனைவரும் நோயுறுவதும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் பெரும்பாலோரிடம் அதனை அடக்கி வைத்துவிடுகிறது. ஊட்டக்குறைவு, நீரிழிவு, புகைப்பழக்கம், முதுமை, பிற நோய்கள் ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் தளரும்போது அடங்கியிருந்த கிருமி தலைதூக்குகிறது. அதனால்தான் கிருமி எவருக்கும் புகக்கூடியதாயினும், நோய் வறியோரையே மிகுதியாக வருத்துகிறது.

காற்றும் ஓய்வும் மருந்தான காலம்

கிருமி கண்டறியப்பட்ட பின்னும் அதனைக் கொல்லும் மருந்து அறுபதாண்டுக் காலம் கிடைக்கவில்லை. தூய காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றுமே மருத்துவமாக அமைந்தன. இவற்றை வழங்குவதற்கென நகரங்களுக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த இடங்களில் சானடோரியம் எனப்படும் காசநோய் நலவாழ்வு இல்லங்கள் எழுந்தன. இங்கிலாந்தில் இத்துறையில் பணியாற்றிய மருத்துவர் டேவிட் சௌரி முத்து, 1928ஆம் ஆண்டு தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். பின்னர் அரசு அதனை ஏற்று நடத்தியது. அங்குள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சானடோரியத்தில் இடம் கிடைத்தவர் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் அங்குத் தங்கவேண்டும். உழைத்து ஈட்டுபவர் சென்றுவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தாய் சென்றுவிட்டால் குழந்தைகளைப் பார்ப்பார் இல்லை. திரும்பி வரும்போது வேலை இருக்குமா, உறவு ஏற்குமா என்னும் அச்சமும் உடனிருந்தது. ஆயினும் அதனைத் தவிர வேறு வழி இருப்பதாக எவரும் கருதவில்லை.

மருந்து வந்தது, படுக்கை இல்லை

1943ஆம் ஆண்டில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. அதனையடுத்துப் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் என்னும் மருந்தும், 1952இல் ஐசோனியசிட் மருந்தும் பயன்பாட்டுக்கு வந்தன. ஒரே மருந்தை மட்டும் தந்தால் கிருமிகள் அதற்குப் பழகி எதிர்த்து நிற்கும் திறன் பெறுகின்றன என்பதும், இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தந்தால் அது தடுக்கப்படுகிறது என்பதும் விரைவில் தெரியவந்தன. காசநோய் தீர்க்கக்கூடிய நோயாயிற்று.

எனினும், செல்வ நாடுகளில் இம்மருந்துகளைச் சானடோரியத்தில் தங்க வைத்தே கொடுத்தனர். ஓய்வும் நல்லுணவும் இல்லாமல் மருந்து மட்டும் பயன் தருமா என்னும் ஐயம் மருத்துவர்களிடம் இருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவுக்கோ இது பெருஞ்சிக்கலாக அமைந்தது. நோயாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில் மட்டுமே இருந்தன. எல்லார்க்கும் படுக்கை அமைக்கப் பொருளும் இல்லை. அதுவரை காத்திருக்க நோயாளர்க்குக் காலமும் இல்லை. படுக்கை இல்லாமலேயே நோயைத் தீர்க்க முடியுமா என்பதே அன்று விடை காணவேண்டிய வினா.

சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு

அவ்வினாவுக்கு விடை காண 1956ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இம்முயற்சியில் கைகோத்தன. பிரித்தானிய மருத்துவர் வாலஸ் பாக்ஸ் ஆய்வுக்குழுவை வழிநடத்தினார். இந்திய மருத்துவர்களும் செவிலியரும் புள்ளியியலாளரும் ஆய்வகப் பணியாளரும் அவருடன் இணைந்து பணியாற்றினர்.

ஆய்வில் சேர்க்கப்பட்டோர் சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த வறியோர். சிறு அறைகளில் குடும்பம் முழுவதும் படுத்துறங்கும் வீடுகள் அவை. வீட்டு மருத்துவம் தோற்பதற்குரிய காரணங்கள் அனைத்தும் அங்கு இருந்தன. அத்தகைய இடத்தில் அது வெற்றி பெற்றால் வேறெங்கும் வெற்றி பெறும் என்பது தெளிவு. எளிதில் வெல்லக்கூடிய களத்தைத் தேடாமல் கடினமான களத்தையே தேர்ந்தெடுத்தது இவ்வாய்வின் சிறப்பு.

நடுநிலை காத்த முறை

இரண்டு மருத்துவ முறைகளை ஒப்பிட விரும்பும் ஆய்வாளர், நோயாளரை இரு பிரிவாகப் பிரிக்கவேண்டும். யார் எப்பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரே முடிவு செய்தால், நோய் முற்றியவரைச் சானடோரியத்துக்கும் ஓரளவு நலமாக இருப்பவரை வீட்டுக்கும் அனுப்ப அவர் மனம் விழையும். அப்போது கிடைக்கும் முடிவு, மருத்துவ முறைகளின் வேறுபாட்டைக் காட்டாது; நோயாளரின் வேறுபாட்டையே காட்டும். இதனைத் தவிர்க்கும் வழி தற்செயல் ஒதுக்கீடு. சீட்டுக் குலுக்குவது போன்று, எவரது விருப்பு வெறுப்பும் குறுக்கிடாத முறையில் நோயாளர் பிரிக்கப்படுவர். 1948இல் வெளியான பிரித்தானிய ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இம்முறைக்கு வழிகாட்டியாக அமைந்தது. அதுவும் காசநோய் பற்றிய ஆய்வே.

சென்னையில் ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டனர். மற்றொரு பிரிவினர் வீட்டில் தங்கினர். இரு பிரிவினர்க்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள், ஐசோனியசிட்டும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், வழங்கப்பட்டன. மருந்து ஒன்றாக இருக்க, சூழல் மட்டுமே வேறுபட்டது. சானடோரியத்தில் ஓய்வு, நல்லுணவு, செவிலியர் கண்காணிப்பு ஆகியன இருந்தன. வீட்டிலிருந்தோர் மையத்துக்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். அவர்களது உணவு குறைவாகவும் உழைப்பு மிகுதியாகவும் இருந்தது.

எண்கள் கூறிய செய்தி

ஆய்வின் முடிவுகள் 1959ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயின. 163 நோயாளரின் நிலை அதில் ஒப்பிடப்பட்டது. ஓராண்டு மருத்துவத்தின் முடிவில் சானடோரியத்தில் இருந்தோருள் 92 விழுக்காட்டினரிடமும், வீட்டில் இருந்தோருள் 86 விழுக்காட்டினரிடமும் நோய்க்கிருமி அடங்கியிருந்தது.

இவ்வெண்களை எவ்வாறு படிப்பது? ஆறு விழுக்காடு என்பது வேறுபாடுதானே என்று தோன்றலாம். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ எண்பது பேர் எனக் கொண்டால், அவ்வேறுபாடு ஏறத்தாழ ஐவரைக் குறிக்கும். அவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் நிகழக்கூடும். எனவே, இரு முறைகளும் ஒப்புநோக்கத்தக்க பயனையே தந்தன என ஆய்வாளர் முடிவு செய்தனர். பின்னர் அந்நோயாளரை ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து கண்காணித்தபோதும் இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. மருத்துவம் முடியும் முன்னரே இடையில் விலகிச் சென்றோர் சானடோரியப் பிரிவிலேயே மிகுதி. குடும்பத்தைப் பிரிந்திருக்கும் துயரை மருத்துவமனையின் வசதிகளால் ஈடுசெய்ய இயலவில்லை. தம் மக்களுடன் இருந்தவரோ மருத்துவத்தைத் தொடர்ந்தனர்.

குடும்பத்தாரின் நலம்

நோயாளர் வீட்டிலேயே இருந்தால் குழந்தைகளுக்கு நோய் பரவாதா? ஆய்வின் அறம் சார்ந்த வினா இது. ஒருவரை நலமாக்க முனைந்து நால்வரை நோயாளராக்குவது மருத்துவம் ஆகாது. ஆகவே, ஆய்வுக்குழு நோயாளரின் குடும்பத்தாரையும் ஊடுகதிர்ப் படம் முதலிய சோதனைகளால் தொடர்ந்து கண்காணித்தது. ஐந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவில், வீட்டு மருத்துவம் பெற்றோரின் குடும்பத்தார்க்குக் கூடுதல் கேடு எதுவும் நேரவில்லை எனத் தெரியவந்தது.

இதற்குரிய காரணம் எண்ணிப் பார்க்கத்தக்கது. நோய் இன்னதென அறியப்படாமல் ஒருவர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்த காலத்திலேயே குடும்பத்தார்க்குப் பெரும்பாலான தொற்று நிகழ்ந்துவிட்டது. மருந்து தொடங்கியபின் கிருமிகள் விரைவாகக் குறைந்து, பரவும் வாய்ப்பும் குறைந்தது. ஆகவே, நோயாளரை விலக்கி வைப்பதைவிட நோயை விரைந்து கண்டறிவதே குடும்பத்தைக் காக்கும். காசநோயாளர்மீது சமூகம் காட்டிய விலக்கத்திற்கு அறிவியல் அளித்த மறுமொழியாக இம்முடிவு அமைந்தது.

மருந்து உட்கொள்ளப்படுகிறதா?

வீட்டு மருத்துவத்தில் தடையொன்றும் வெளிப்பட்டது. சில வாரங்களிலேயே காய்ச்சல் தணியும், பசி திரும்பும், உடல் தேறும். நோய் நீங்கிவிட்டது என எண்ணி மருந்தை நிறுத்துவோர் பலர். பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தை நாள்தோறும் மிகுந்த அளவில் உட்கொள்ள வேண்டியிருந்தது. அது வயிற்றையும் வருத்தியது. இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் பெருகும். மருந்தை எதிர்க்கும் திறனும் பெறக்கூடும்.

ஆய்வுக்குழுவினர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்துகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என அறிந்தனர். நோயாளரை ஐயுறுவது இதன் நோக்கமன்று. அவர் தடுமாறும் இடத்தை அறிந்து கைகொடுப்பதே நோக்கம். இவ்வனுபவத்திலிருந்து, பணியாளரின் முன்னிலையில் மருந்து உட்கொள்ளும் முறை உருவாயிற்று. நாள்தோறும் வருவது இயலாதே என்னும் சிக்கலுக்கும் சென்னை மையம் விடை தேடியது. வாரம் இருமுறை மட்டும் நேரடிக் கண்காணிப்பில் மருந்து தந்தாலும் பயன் கிடைக்கும் என 1960களில் அது மெய்ப்பித்தது. பிற்காலத்தில் உலக நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்ட கண்காணிப்பு முறைக்கு இவ்வாய்வுகள் அடித்தளமாக அமைந்தன.

தெரிந்து தெளிவோம்

சேத்துப்பட்டு மையம் பின்னர்க் காசநோய் ஆராய்ச்சி மையம் எனவும், அதன்பின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் பெற்றது. 1950களில் ஓராண்டுக்கு மேலும் நீண்ட காசநோய் மருத்துவம், ரிபாம்பிசின் முதலிய மருந்துகளின் வரவால், மருந்தெதிர்ப்பு இல்லாத நோயாளர்க்கு இன்று ஆறு மாதங்களில் நிறைவடைகிறது. அரசு மருத்துவமனைகளில் சளிச் சோதனையும் மருந்துகளும் இலவசமாக வழங்கப்படுகின்றன.

உணவின் இடம்

குறைந்த உணவு உண்ட வீட்டு நோயாளரும் நலம் பெற்றனர் என்னும் முடிவைச் சிலர், காசநோய்க்கு உணவு இன்றியமையாதது அன்று எனப் பொருள் கொண்டனர். ஆய்வு கூறியது அதுவன்று. நல்லுணவு கிடைக்கவில்லை என்பதற்காக மருந்தை மறுக்கவோ தள்ளிப்போடவோ வேண்டியதில்லை என்பதே அது கூறியது. நோய் வராமல் தடுப்பதில் உணவுக்கு என்ன பங்கு என்பது வேறொரு வினா.

அவ்வினாவுக்கு அண்மையில் விடை கிடைத்தது. சார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2800 காசநோயாளரின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் ஓர் ஆய்வில் பங்கேற்றனர். நோயாளர் அனைவர்க்கும் உணவுப்பொருள்கள் வழங்கப்பட்டன. அவர்தம் குடும்பத்தாருள் ஒரு பிரிவினர்க்கு மட்டும், வளர்ந்தவர் ஒருவருக்கு மாதந்தோறும் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு என்னும் அளவில் உணவுப்பொருள்களும் நுண்ணூட்டச் சத்துகளும் கூடுதலாகத் தரப்பட்டன. 2023இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களிடையே காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நோயாளரிடத்தும், மருத்துவத்தின் தொடக்க மாதங்களில் எடை கூடியவரிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு கைப்பிடி பருப்பு, தடுப்பூசிக்கு நிகரான காவலாக நின்றது.

இந்திய அரசு 2018ஆம் ஆண்டு முதல் காசநோயாளரின் ஊட்டத்துக்காக மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் இத்தொகை 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மருத்துவமனை யாருக்குத் தேவை?

பெரும்பாலோர்க்கு வீட்டு மருத்துவம் போதும் என்பதால், எல்லார்க்கும் அதுவே போதும் எனக் கொள்ளலாகாது. நோய் முற்றி, உடல் மிக மெலிந்து வருவோருள் சிலர் மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே இறந்துவிடுகின்றனர். மருந்து தன் பணியைச் செய்து முடிப்பதற்குள் உடல் தளர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். அவர்களைத் தொடக்கத்திலேயே இனங்காணும் வழி எது?

தமிழ்நாடு அரசு தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையுடன் 2022ஆம் ஆண்டு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானவுடன் ஒவ்வொருவரிடமும் சில எளிய அளவீடுகள் செய்யப்படுகின்றன. உயரத்துக்கேற்ற எடை உள்ளதா? கால்களில் வீக்கம் உள்ளதா? மூச்சு விரைவாக வாங்குகிறதா? குருதியில் உயிர்வளியின் அளவு குறைந்துள்ளதா? பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா? இவ்வினாக்களுக்கு விடை காணப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. எடைப்பொறியும், விரல்நுனியில் பொருத்தும் சிறு கருவியும், அக்கறையுள்ள ஒரு பணியாளரும் போதும். கேட்டின் அறிகுறி கண்டவர்கள் மேல்மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சிறப்பு ஊட்டமும் உயிர்வளியும் பெறுகின்றனர்.

1950களில் சென்னை, படுக்கை வேண்டாதோர் பலர் என்பதைக் காட்டியது. இன்றைய தமிழ்நாடு, படுக்கை கட்டாயம் வேண்டிய சிலரைத் தேடுகிறது. முதலாவது ஆய்வு பலருக்கு வீட்டு வாயிலைத் திறந்துவிட்டதால்தான், மருத்துவமனையின் படுக்கைகள் உண்மையில் தேவைப்படுவோர்க்கு எஞ்சுகின்றன.

பேணுவோரும் மருத்துவத்தின் உறுப்பே

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்புகள் உடையதாகக் காண்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியோடு, அருகிருந்து பேணுபவரையும் அது ஓர் உறுப்பாக வைக்கிறது. சானடோரியக் காலம் அந்நான்காம் உறுப்பைக் குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. சென்னை ஆய்வு அதனைக் குடும்பத்திடமே திருப்பி அளித்தது. வேளை தவறாமல் மருந்தை நினைவூட்டும் மகள், மையத்துக்கு உடன்வரும் அண்டை வீட்டார், மெலிந்தவரின் எடையைக் குறித்துக்கொள்ளும் கிராமச் செவிலியர் ஆகியோர் இன்றி எந்த மருந்தும் முழுப் பயன் தருவதில்லை.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிப்பவரைச் சளிச் சோதனைக்கு அழைத்துச் செல்வதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. நோயுற்றவருடன் வழக்கம்போல் உரையாடுவதற்கும், மருந்தை இடையில் நிறுத்தாதீர் என அன்புடன் எடுத்துரைப்பதற்கும் அப்பட்டம் தேவையில்லை. நோய்க்கிருமியை மருந்து வெல்லும். நோயாளர் மருந்தை வந்தடைவதும், இறுதிவரை அதனைத் தொடர்வதும் சுற்றியிருப்போரின் கையில் உள்ளன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சென்று, காசநோயாளர்க்கு வழங்கப்படும் உதவிகளைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் தொகுத்து எழுதுக.

2. 'நோயாளரை விலக்குவதைவிட நோயை விரைந்து கண்டறிவதே குடும்பத்தைக் காக்கும்' – இக்கருத்தைச் சென்னை ஆய்வின் முடிவுகளைக் கொண்டு நிறுவுக.

3. தற்செயல் ஒதுக்கீட்டு முறை பின்பற்றப்படாமல் இருந்திருந்தால் சென்னை ஆய்வின் முடிவுகளை நம்பியிருக்க முடியுமா? வகுப்பில் கலந்துரையாடுக.

4. காசநோய் குறித்து மக்களிடையே நிலவும் தவறான எண்ணங்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு உரிய விளக்கங்களுடன் பள்ளி அறிவிப்புப் பலகைக்கான செய்திமடல் ஒன்றை உருவாக்குக.